புரோலாக்: பாதி சொல்லி விற்ற மொழி

கணினி மொழிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் புரோலாக்குக்கு வழக்கமாக ஒரு பத்தி ஒதுக்குவார்கள். 1972ல் பிரான்சின் மார்செய் நகரில் பிறந்தது. தர்க்கத்தையே நிரலாக எழுதலாம் என்று காட்டியது. 1980களில் ஜப்பான் அரசு அதை நம்பிப் பெரும்பணம் செலவிட்டது. வேகம் போதாமல் கனவு கலைந்தது. பிறகு மொழி பல்கலைக்கழகத்தில் ஒரு பருவப் பாடமாகச் சுருங்கியது. இந்தப் பத்தியில் ஆண்டுகள் சரி, காரணம் தவறு. புரோலாக்கில் எழுதிப் பழகியவர்களின் அனுபவத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்த மொழியை முடக்கியது வேகக்குறைவு என்று சொல்ல முடியவில்லை. “என்ன வேண்டும் என்று மட்டும் சொல், எப்படிச் செய்வது என்று சொல்ல வேண்டாம்” என்ற வாக்குறுதிதான் அதற்கு எமனாக வந்தது. அந்த வாக்குறுதி முதல் நாளிலிருந்தே பாதி உண்மை. மறுபாதியை அறிந்தவர்கள் கையில் புரோலாக் ஐம்பது ஆண்டுகளாக ஒழுங்காக வேலை செய்கிறது. மறுபாதி தேவையில்லை என்று சொல்லி யாரிடம் கொடுத்தார்களோ, அவர்களிடம்தான் அது கெட்ட பெயர் எடுத்தது.

மொழியின் போக்கை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். புரோலாக்கில் எழுதுபவர் கணினிக்குக் கட்டளை வரிசை தருவதில்லை. உண்மைகளையும் விதிகளையும் எழுதி வைத்துவிட்டுக் கேள்வி கேட்கிறார். வள்ளி குமரனின் தாய், முருகேசன் வள்ளியுடன் பிறந்த ஆண் என்பவை உண்மைகள். தாயுடன் பிறந்த ஆண் மாமன் என்பது விதி. குமரனுக்கு மாமன் யார் என்று கேட்டால் முருகேசன் என்று பதில் வரும். முருகேசன் யாருக்கெல்லாம் மாமன் என்று கேட்டால், விதியில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், குமரன் என்று வரும். இந்த இருவழிப் போக்குதான் புரோலாக்கை முதலில் தொட்டவர்களை மயக்கியது. பாடநூல்களில் தவறாமல் வரும் ஓர் உதாரணம், இரண்டு பட்டியல்களை ஒட்டும் நிரல். மொத்தம் இரண்டே விதி. ஒட்டிய பட்டியலைக் கொடுத்து, இது எவ்வெவற்றை ஒட்டியதால் வந்திருக்கலாம் என்று திருப்பிக் கேட்டால், அதே இரண்டு விதிகள் அத்தனை பிரிவுகளையும் ஒவ்வொன்றாகத் தரும். ஃபோர்ட்ரான் போன்ற கட்டளை மொழியில் இதற்கு இரண்டு தனி நிரல்கள் வேண்டும். ஆனால் இந்தப் பதில்களைத் தேடும் வேலையைக் கணினி ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில்தான் செய்கிறது. விதிகளை மேலிருந்து கீழாக எடுக்கும். ஒரு விதிக்குள் நிபந்தனைகளை இடமிருந்து வலமாக எடுக்கும். வழி அடைபட்டால் கடைசியாகத் தேர்வு செய்த இடத்துக்குத் திரும்பி அடுத்த வழியைப் பார்க்கும். பெற்றோர் மூதாதை, மூதாதையின் பெற்றோரும் மூதாதை என்று இரண்டு விதிகள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் விதியில் ‘மூதாதை’ என்ற நிபந்தனை முன்னால் நின்றால், கிடைத்த பதில்களைச் சொன்ன பிறகும் கணினி நிற்காது. மூதாதையைத் தேட மூதாதையைத் தேடிக்கொண்டு நினைவகம் தீரும்வரை உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ‘பெற்றோர்’ என்பதை முன்னால் வைத்தால் பதில் சொல்லிவிட்டு முறையாக நின்றுவிடும். தர்க்கத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒரே வாக்கியம். புரோலாக்கின் கண்ணுக்கு ஒன்று நிரல், மற்றது பழுது.

இந்த இடைவெளி பின்னால் யாரோ செய்த கவனக்குறைவால் வந்ததில்லை. மொழியைப் படைத்தவர்களே தெரிந்து செய்த ஏற்பாடு அது. மார்செயில் லுமினி வளாகத்தில் வேலை செய்த அலேன் கோல்மரோவேர் அடிப்படையில் தர்க்கவியல்காரர் இல்லை. 1967 முதல் 1970 வரை கனடாவின் மோன்ட்ரியாலில் இயந்திர மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்தவர். அங்கே அவர் உருவாக்கிய முறையை வைத்துத்தான் பின்னாளில் கனடாவின் வானிலை அறிக்கைகள் ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாறின. மார்செயில் அவருக்கு வேண்டியிருந்தது பிரெஞ்சு வாக்கியங்களைப் புரிந்துகொண்டு கேள்விக்குப் பதில் சொல்லும் கணினி. மனநல மருத்துவர்களையும் நோயாளிகளையும் பற்றிச் சில வாக்கியங்களைக் கொடுத்துவிட்டு, இன்னார் மனிதரா, இன்னார் எங்கே இருக்கிறார் என்று பிரெஞ்சிலேயே கேட்டால் பதில் வரவேண்டும். இதற்கு 1965ல் ஆலன் ராபின்சன் வெளியிட்ட தேற்ற நிறுவல் முறை கைகொடுக்கும் என்று தோன்றியது. அந்த முறையில் தேர்ந்த ராபர்ட் கோவால்ஸ்கி எடின்பரோவிலிருந்து 1971லும் 1972லும் மார்செய்க்கு வந்தார். கோவால்ஸ்கியின் தர்க்க அறிவும் கோல்மரோவேரின் மொழியியல் தேவையும் சேர்ந்த இடத்தில், ஃபிலிப் ரூசெலின் கையால் முதல் புரோலாக் எழுந்தது. கணினியோ பக்கத்தில் இல்லை. கிரெனோபிளில் இருந்த ஐ.பி.எம். இயந்திரத்தைத் தொலைத்தட்டச்சு வழியாகப் பயன்படுத்தினார்கள். அந்த நிலைமையில் அவர்கள் தர்க்கத்தின் முழுமையைக் காப்பாற்ற முயலவில்லை. எல்லா வழிகளையும் சமமாகத் தேடினால் நினைவகம் தாங்காது. ஆகவே ஒரே வழியில் ஆழமாகப் போய்த் திரும்பும் முறையை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாறி தன்னையே உள்ளடக்கிய வடிவத்தோடு பொருந்திவிடக் கூடாது என்று பார்க்கும் சோதனை தர்க்கத்துக்கு அவசியம். அதைச் செய்தால் பட்டியல் ஒட்டுவதற்கே நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப நேரம் பிடிக்கும் என்பதால் அதையும் விட்டார்கள். தேடலைப் பாதியில் நிறுத்த ‘கட்’ என்ற கருவியையும் சேர்த்தார்கள். ஆக, பிறக்கும்போதே மூன்று சமரசங்கள். இவற்றில் எதையும் அவர்கள் ஒளிக்கவில்லை. வேலை நடக்க வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்கள், அந்தப் பிடிவாதம் சரியானதுதான்.

1973ல் ஃபோர்ட்ரானில் எழுதிய பதிப்பு வந்ததும் மொழி ஊர் ஊராகப் பரவியது. புடாபெஸ்டில் பீட்டர் செரேடி 1975 வாக்கில் தமக்கென்று ஒரு புரோலாக்கை எழுதினார். மருந்து ஆராய்ச்சி, கட்டட வடிவமைப்பு என்று ஹங்கேரியில் அதை நடைமுறை வேலைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். மேற்கு ஐரோப்பாவின் பல ஆய்வுக்கூடங்கள் இன்னும் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த காலம் அது. எடின்பரோவிலிருந்து 1974 தொடக்கத்தில் மார்செய்க்குப் போன டேவிட் வாரன், அங்கேயே ஒரு திட்டமிடும் நிரலைப் புரோலாக்கில் எழுதினார். 1977ல் அவரும் லூயிஸ் பெரேராவும் ஃபெர்னாண்டோ பெரேராவும் டெக்-10 கணினிக்குக் கொண்டுவந்த கம்பைலர், புரோலாக் மெதுவான மொழி என்ற பேச்சை அப்போதே உடைத்தது. அதே ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஒப்பீட்டில், ஒரே வகை வேலைகளில் அது லிஸ்ப் மொழிக்கு ஈடுகொடுத்தது. 1983ல் வாரன் வகுத்த கற்பனை இயந்திர வடிவம் பிறகு வந்த பெரும்பாலான புரோலாக் கம்பைலர்களுக்கு அடித்தளமானது. இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், அந்த வேகம் எப்படிக் கிடைத்தது என்பது. எந்த இடத்தில் மதிப்பு உள்ளே வரும், எந்த இடத்தில் வெளியே போகும் என்று புரோகிராமர் முன்கூட்டியே அறிவித்தால் கம்பைலர் நன்றாக வேலை செய்யும். விதிகளின் முதல் உறுப்பைப் பொறுத்து அடையாள அட்டவணை போடும். ஆகவே முதல் உறுப்பில் எதை வைப்பது என்று யோசித்து எழுதினால் தேடல் குறையும். இருவழிப் போக்கை விட்டுக்கொடுத்து ஒருவழிப் பாதையை ஒப்புக்கொண்டவருக்குத்தான் வேகம். எடின்பரோக்காரர்கள் இதைச் சிரமமாக நினைக்கவே இல்லை. தாங்கள் எழுதுவது தர்க்கம் மட்டும் இல்லை, தேடலும்தான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1980ல் ஹங்கேரியின் டெப்ரெட்சென் நகரில் நடந்த பட்டறையில் லாரன்ஸ் பேர்ட் முன்வைத்த பிழை தேடும் முறையும் அதே புரிதலில் பிறந்தது. ஒவ்வொரு விதித் தொகுதியையும் நான்கு வாசல் உள்ள பெட்டியாகப் பார்க்கச் சொன்னார்: உள்ளே அழைப்பது, வெற்றியோடு வெளியேறுவது, வேறு பதில் கேட்டு மீண்டும் நுழைவது, தோற்று வெளியேறுவது. இன்றுவரை புரோலாக் பிழைதிருத்திகள் இந்தப் பெட்டியைத்தான் காட்டுகின்றன. “எப்படி” என்பது உண்மையிலேயே தேவையற்றதாக இருந்தால் இப்படி ஒரு பெட்டியை யாரும் கண்டுபிடிக்க வேண்டியிருந்திருக்காது.

எடின்பரோவுக்கு வெளியே, பாடநூலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவரின் அனுபவம் வேறு மாதிரி. 1981ல் வந்த கிளாக்சின், மெல்லிஷ் இருவரின் பாடநூல் புரோலாக்கைப் பரவலாகக் கொண்டு சேர்த்தது. அதைப் படித்துவிட்டு முதல் நிரலை எழுதியவர் சந்தித்த எதிரி ஒரே ஒரு சொல்: “இல்லை”. மற்ற மொழிகளில் பிழை செய்தால் கணினி கூச்சல் போடும். புரோலாக்கில் விதியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை விழுந்தாலும், உறுப்புகளின் எண்ணிக்கை மாறினாலும், அப்படி ஒரு விதியே தெரியாது என்பதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு “இல்லை” என்று அமைதியாகச் சொல்லிவிடும் அமைப்புகள் அன்று வழக்கம். கேட்ட செய்தி பொய்யா, எழுதியதில் பிழையா என்று புரோகிராமர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். தெரியாத விதியைப் பிழையாக அறிவிப்பதே இயல்பு நிலை என்று 1995ல் வந்த ஐ.எஸ்.ஓ. தரநிலைதான் தீர்மானித்தது, மொழி பிறந்து 23 ஆண்டு கழித்து. அடுத்த ஏமாற்றம் கணக்கில். பட்டியலை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து வியந்தவர், கூட்டலையும் அப்படியே திருப்பிப் போட்டுப் பார்ப்பார். ஐந்தோடு எதைக் கூட்டினால் எட்டு வரும் என்று கேட்டால் பழைய புரோலாக் மூன்று என்று சொல்லாது. மதிப்புத் தெரியாத மாறியை வைத்துக் கணக்கிட முடியாது என்று நின்றுவிடும். மூன்றாவது ‘கட்’. அதை விதிக்குள் போட்டால் அந்த இடத்துக்குப் பின்வாங்குவது நின்று நிரல் வேகமாகும். கூடவே, விதியைத் தர்க்க வாக்கியமாகப் படிக்கும் உரிமையும் போய்விடலாம். பொருளை மாற்றாத கட் பச்சை, மாற்றும் கட் சிவப்பு என்று புரோலாக்காரர்கள் நிறம் பிரித்துப் பேசினார்கள். புதியவர்களோ நிரல் நிற்கவில்லை என்றால் ஒரு கட், இரண்டாம் பதில் வேண்டாமல் வந்தால் இன்னொரு கட் என்று மருந்துபோல் தூவினார்கள். திருமணத் தரகர் சொல்லாமல் விட்ட விவரம் மாலை மாற்றிய பிறகு ஒவ்வொன்றாக வெளிவருவது போலத்தான் இது. குறை மணமகனிடம் என்பதைவிட, சொல்லப்படாததில்தான் அதிகம்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. கோவால்ஸ்கி எடின்பரோவிலிருந்து லண்டன் இம்பீரியல் கல்லூரிக்கு வந்த பிறகு, தர்க்கமே குழந்தைகளின் முதல் கணினி மொழியாகட்டும் என்று ஒரு திட்டம் தொடங்கினார். ஃபிராங்க் மெக்கேப் சிறு கணினிகளுக்காக மைக்ரோ-புரோலாக்கை எழுதினார். விம்பிள்டனில் ஒரு பள்ளியில் ரிச்சர்டு எனல்ஸ் அதைச் சொல்லிக்கொடுத்தார். வரலாற்றுப் பாடத்தின் செய்திகளை உண்மைகளாகவும் விதிகளாகவும் எழுதிக் கேள்வி கேட்பதில் பிள்ளைகளுக்குச் சிரமம் இல்லை. சிக்கல் வளர்ந்தவர்களிடம், அதுவும் உண்மையான நிரல் எழுத வேண்டிய மாணவர்களிடம் வந்தது. 1980களின் நடுவில் பிரிட்டனின் பல்கலைக்கழகங்களில் புரோலாக் கற்போரின் தவறுகளை ஆராய ஒரு சிறு துறையே உருவானது. மாணவர்கள் மனத்தில் வைத்திருந்த தேடல் படம் கணினி செய்யும் தேடலோடு ஒத்துப்போகவில்லை என்பது திரும்பத் திரும்பத் தெரியவந்தது. குறிப்பாகப் பின்வாங்கும்போது எங்கே போய் நிற்கும், எந்த மாறியின் மதிப்பு அழியும் என்பதில். எடின்பரோவின் ஹெலன் பெயினும் ஆலன் பண்டியும் புதியவர்களுக்கு எந்தக் கதையைச் சொல்லிப் புரோலாக்கைக் கற்பிப்பது என்ற கேள்வியையே ஒரு கட்டுரையின் தலைப்பாக்கினார்கள். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நிரல் ஓடுவதைக் கிளைவிட்ட மரமாகத் திரையில் காட்டும் கருவி ஒன்றை உருவாக்கினார்கள். இந்த முயற்சிகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன: மாணவருக்குத் தர்க்கம் புரிந்தது, தேடல் புரியவில்லை, தேடலைப் புரிந்துகொள்ளத் தேவையில்லை என்று சொல்லித்தான் அவரை வகுப்புக்கு அழைத்து வந்திருந்தார்கள்.

அப்படியானால் அந்த வாக்குறுதியை எப்படி அத்தனை பேர் நம்பினார்கள்? வாக்குறுதி முழு உண்மையாக நிற்கும் இடங்கள் சில இருந்தன என்பதால்தான். அவற்றில் மிகச் சிறந்தது பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம். 1981ல் நிறைவேறிய அந்தச் சட்டத்தின் பெரும்பகுதியை இம்பீரியல் கல்லூரியில் மரெக் செர்கோட், கோவால்ஸ்கி உள்ளிட்ட ஆறு பேர் புரோலாக் விதிகளாக எழுதி 1986ல் வெளியிட்டார்கள். சட்டம் ஏற்கெனவே “இன்னின்ன இருந்தால் இன்னார் குடிமகன்” என்ற நடையில் இருந்ததால் பிரிவுகள் ஏறத்தாழ அப்படியே விதிகளாகின. பிரிட்டனில் கைவிடப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்படும் பச்சிளங் குழந்தையைப் பற்றி ஒரு பிரிவு உண்டு: மாறாக நிறுவப்படாத வரையில் அது அந்த மண்ணில் பிறந்ததாகவும் பெற்றோர் தகுதியுடையவராகவும் கொள்ளப்படும். ஒன்றை நிறுவ முடியாவிட்டால் அது இல்லை என்று எடுத்துக்கொள்ளும் புரோலாக்கின் வழக்கம், 1978ல் கீத் கிளார்க் தர்க்க விளக்கம் கொடுத்த வழக்கம், இந்தப் பிரிவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. மற்றப் பிரிவுகளில் “இல்லை” என்றால் உண்மையாகவே இல்லை என்று பொருள்படுவதால் அங்கே அதே வழக்கம் தொல்லையானது. இறந்துபோகாமல் இருந்திருந்தால் குடிமகன் ஆகியிருப்பார் என்ற ரகப் பிரிவுகளும் எளிதில் மசியவில்லை. இவற்றை ஆசிரியர்கள் மறைக்காமல் எழுதினார்கள். அதனாலேயே அந்தக் கட்டுரை இன்றும் சட்டமும் கணினியும் சேரும் துறையின் தொடக்க நூலாக மதிக்கப்படுகிறது. என் வாதத்துக்கு வேண்டியது வேறொன்று. இந்த நிரலில் தேடல் மிகச் சிறியது. ஒருவரின் பிறப்பு, பெற்றோர், குடியேற்ற நிலை என்று சில கிளைகள்தான். எந்த வரிசையில் தேடினாலும் நொடியில் முடியும். தேடல் சிறிதாக இருக்கும்போது “எப்படி” என்பது கண்ணில் படாது. குடும்ப உறவுகள், சட்டப் பிரிவுகள், நோய்க்குறிகள் என்று புரோலாக்கின் காட்சி உதாரணங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. பார்த்தவர்கள், பெரிய வேலைக்கும் இதே எளிமை நீடிக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நம்பிக்கையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது டர்போ புரோலாக். டென்மார்க்கில் உருவானதை அமெரிக்காவின் போர்லாண்ட் நிறுவனம் 1986ல் 99.95 டாலர் விலையில் வெளியிட்டது. வீட்டில் பி.சி. வைத்திருந்தவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவைக் கைக்கெட்டும் விலையில் தருகிறோம் என்ற தொனி. அதைத் தயாரித்தவர்கள் வேகத்துக்காக ஒவ்வொரு உறுப்பின் வகையையும் முன்கூட்டியே அறிவிக்கச் சொன்னார்கள். நிரல் ஓடும்போது புது விதிகளைச் சேர்க்கும் வசதியை நீக்கினார்கள். பாடநூல் நிரல்கள் அதில் அப்படியே ஓடவில்லை. அதற்கென்று எழுதிய நிரல்கள் வேகமாக ஓடின. தேடல் எப்படி நடக்கிறது என்பதை அந்த வேகம் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. சில ஆண்டுகளில் போர்லாண்ட் அதைக் கைவிட, உரிமை டென்மார்க்குக்கே திரும்பியது.

ஜப்பானின் கதைதான் எல்லோருக்கும் தெரிந்தது, தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் அதுதான். 1981 அக்டோபரில் டோக்கியோவில் அறிவிக்கப்பட்ட ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டம், 1982ல் கசுஹிரோ ஃபுச்சியின் தலைமையில் ஐகாட் என்ற ஆய்வு நிலையமாக உருவெடுத்தது. தர்க்க நிரலாக்கத்தை அச்சாக வைத்துப் பல செயலிகள் ஒரே நேரத்தில் இயங்கும் கணினியைப் பத்தாண்டில் கட்டுவது நோக்கம். பதிலுக்குப் பிரிட்டன் ஆல்வி திட்டத்தையும், ஐரோப்பா எஸ்பிரிட்டையும், அமெரிக்க நிறுவனங்கள் கூட்டு ஆய்வு நிலையம் ஒன்றையும் தொடங்கின. இந்திய அரசின் மின்னணுத் துறையும் 1986ல் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு அறிவுசார் கணினித் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது, சென்னை ஐ.ஐ.டி. அதன் மையங்களில் ஒன்று. ஐகாட் தனிநபர் தர்க்க இயந்திரங்களைக் கட்டியது, இயங்குதளத்தையே தர்க்க மொழியில் எழுதியது, 1992ல் நூற்றுக்கணக்கான செயலிகள் கொண்ட இயந்திரங்களைக் காட்டியது. பொறியியல் சாதனையாக இவை சிறியவை இல்லை. ஆனால் வழியில் ஒன்று நடந்தது. பல செயலிகளில் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்றதும், ஆராய்ச்சியாளர்கள் புரோலாக்கை விட்டு விலகினார்கள். கசுனோரி உயேதா 1984 இறுதியில் வடிவமைத்த மொழியை ஒட்டி உருவான அவர்களுடைய மைய மொழியில் பின்வாங்கித் தேடுவதே கிடையாது; ஒரு விதியைத் தேர்ந்தெடுத்தால் தேர்ந்தெடுத்ததுதான். எந்தச் செயல் எந்தத் தகவலுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதைப் புரோகிராமரே எழுத வேண்டும். “எப்படி” என்பதைச் சொல்லாமலிருக்கத் தொடங்கிய திட்டம், “எப்படி” என்பதை வேறெந்த மொழியையும்விட நுணுக்கமாகச் சொல்ல வேண்டிய மொழியில் வந்து நின்றது. ஆகவே ஐந்தாம் தலைமுறையின் தோல்வியைப் புரோலாக்கின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. அந்தப் பல செயலி இயந்திரங்கள் புரோலாக்குக்காகக் கட்டப்படவே இல்லை.

ஸ்வீடனில் எரிக்சன் நிறுவனத்தில் நடந்தது இதற்குச் சின்ன, ஆனால் தெளிவான எதிரொலி. தொலைபேசி இணைப்பகங்களுக்கு ஒரு மொழி தேடிய ஜோ ஆம்ஸ்ட்ராங் 1986 வாக்கில் தம் கருத்துகளைப் புரோலாக்கில்தான் எழுதிச் சோதித்தார். எர்லாங்கின் முதல் வடிவம் புரோலாக்கில் எழுதிய இன்டர்பிரட்டர். பெரிய எழுத்தில் தொடங்கும் மாறிகள், காற்புள்ளி, முற்றுப்புள்ளி, வடிவம் பார்த்துப் பொருத்துவது என்று எர்லாங்கின் முகத்தில் புரோலாக்கின் சாயல் இன்றும் இருக்கிறது. பின்வாங்கித் தேடுவதை மட்டும் விட்டுவிட்டார்கள். ஒரு சந்தாதாரரின் தொலைபேசி மணியை அடித்துவிட்ட பிறகு, அந்த வழி தோற்றது என்று பின்வாங்கி மணி அடிக்காததாக ஆக்க முடியாதே! தேடலின் இயல்பை நன்கு அறிந்தவர்கள் எதை எடுப்பது, எதை விடுவது என்று அமைதியாக முடிவு செய்ததற்கு இது நல்ல சான்று.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எஸ்.க்யூ.எல். என்ற தரவுத்தள மொழியும் “என்ன வேண்டும் என்று மட்டும் சொல்” என்றுதானே வந்தது. அது உலகையே பிடித்துவிட்டதே? வாக்குறுதி பாதி உண்மை என்பதால் ஒரு மொழி தோற்குமானால் எஸ்.க்யூ.எல். ஏன் தோற்கவில்லை? பதில் அந்த மொழியின் அடக்கத்தில் இருக்கிறது. அட்டவணைகளை இணைத்து வடிகட்டுவதற்கு மேல் தொடக்க கால எஸ்.க்யூ.எல். எதையும் சொல்லத் துணியவில்லை. தன்னைத்தானே அழைக்கும் விதிகள் 1999ல் வந்த தரநிலையில்தான் அதற்குள் நுழைந்தன. சொல்லக்கூடியது குறைவு என்பதால், எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பை ஒரு மென்பொருள் பகுதி முழுதாக ஏற்றுக்கொள்ள முடிந்தது. புரோலாக்கோ எந்தக் கணிப்பையும் சொல்லக்கூடிய முழு மொழி. எல்லாவற்றையும் சொல்லலாம் என்ற சுதந்திரமும், எப்படி என்று கவலைப்பட வேண்டாம் என்ற சலுகையும் ஒன்றாகக் கிடைக்காது. புரோலாக்கைச் சுருக்கி உருவான டேட்டாலாக்கில் நிபந்தனைகளின் வரிசை விடையைப் பாதிக்காது, நிரல் கட்டாயம் நிற்கும். விலையாக, கூட்டு வடிவங்களை உருவாக்கும் வசதியை இழந்தாக வேண்டும். வாக்குறுதியை முழுதாகக் காப்பாற்றியவர்கள் மொழியைக் குறைத்துத்தான் காப்பாற்றினார்கள்.

இரண்டாவது மறுப்பு வேகத்தைப் பற்றியது. 1980களின் கணினிகளில் புரோலாக் மெதுவாக இருந்தது, சி மொழி வென்றது, அவ்வளவுதான் என்பார்கள். சில துறைகளில் இது உண்மை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே காலத்துக்குப் பிறகு பெர்ல், பைத்தான் போன்ற மொழிகள் சியைவிடப் பல மடங்கு மெதுவாக இருந்துகொண்டே உலகெங்கும் பரவின. மெதுவான மொழியைப் புரோகிராமர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். எப்போது மெதுவாகும் என்று கணிக்க முடியாத மொழியைப் பொறுத்துக்கொள்வதில்லை. இரண்டு நிபந்தனைகளை இடம் மாற்றினால் ஒரு நொடி வேலை ஒரு நாள் வேலையாகும் என்பது தெரியாமல் மாட்டிக்கொண்டவருக்கு, சராசரி வேகம் பற்றிய புள்ளிவிவரம் ஆறுதல் தராது.

மூன்றாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: கோல்மரோவேரே புரோலாக்-2, புரோலாக்-3 என்று முன்னேறி, கட்டுப்பாடுகளை வைத்துத் தீர்வு காணும் முறையைக் கொண்டுவந்தார், 1987ல் ஜஃபார், லசே என்ற ஆய்வாளர்கள் அதற்குப் பொதுவான கோட்பாடு வகுத்தார்கள், இந்த அமைப்புகளில் ஐந்தோடு எதைக் கூட்டினால் எட்டு என்ற கேள்விக்கும் பதில் வருகிறது, அப்படியிருக்க, வாக்குறுதி தாமதமாகவாவது நிறைவேறிவிட்டதே? பெருமளவு நிறைவேறியது என்பது சரி. கால அட்டவணை, ஆள் ஒதுக்கீடு போன்ற வேலைகளில் இந்த முறை வணிக ரீதியாகவும் வென்றது. ஆனால் அங்கேயும் எந்த மாறிக்கு முதலில் மதிப்புக் கொடுத்துப் பார்ப்பது, எந்த மதிப்பிலிருந்து தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் வேலை பயனரிடம் இருக்கிறது. அந்தத் தேர்வு சரியாக இருந்தால் நிமிடத்தில் முடிவது, தவறினால் முடியாமலே போகும். நல்ல மாற்றம் எதுவென்றால், இங்கே “எப்படி” என்பது விதிகளின் வரிசைக்குள் ஒளிந்திராமல் தனி வரியாக, கண்ணுக்குத் தெரியும்படி எழுதப்படுகிறது. கோவால்ஸ்கி 1979லேயே நிரலாக்க முறை என்பது தர்க்கமும் கட்டுப்பாடும் சேர்ந்தது என்று ஒரு சமன்பாடாகவே எழுதினார். அந்தச் சமன்பாட்டின் முதல் உறுப்பை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாவதை உதறியது விளம்பரமும் அவசரப் பாடத்திட்டங்களும்தான். படைத்தவர்களைக் குற்றம் சொல்ல இடமில்லை.

அறிந்தவர்கள் கையில் புரோலாக் எங்கெல்லாம் போயிருக்கிறது என்பதைப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு இன்னும் உறுதியாகும். தொடக்க கால விண்டோஸ் என்.டி.யில் நெட்வொர்க் அமைப்பைச் சரிசெய்யும் பகுதிக்குள் ஒரு சிறு புரோலாக் இருந்தது. 2005ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர்கள் குரலால் இயக்கிய நாசாவின் கிளாரிசா என்ற உதவி நிரல் ஸ்வீடனில் உருவான சிக்ஸ்டஸ் புரோலாக்கில் எழுதப்பட்டது. 2011ல் தொலைக்காட்சி வினாடி வினாவில் மனிதர்களை வென்ற ஐ.பி.எம். வாட்சன், கேள்வி வாக்கியங்களின் அமைப்பை ஆராயப் புரோலாக் விதிகளைப் பயன்படுத்தியது. கோல்மரோவேர் மார்செயில் தொடங்கிய அதே வேலை. ஜாவா நிரல்களைச் சரிபார்க்கும் விதிகள் அதன் மெய்நிகர் இயந்திர ஆவணத்தில் புரோலாக் வாக்கியங்களாகவே அச்சாகியிருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் யான் வீலமேக்கர் 1987ல் தொடங்கிய இலவச எஸ்.டபிள்யூ.ஐ. புரோலாக்கின் புதுப் பதிப்புகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. மூதாதை விதியை எந்த வரிசையில் எழுதினாலும் நின்று பதில் தரும் வசதியும் அதில் இருக்கிறது; ஏற்கெனவே கேட்ட கேள்வியை அட்டவணையில் குறித்துவைத்து மீண்டும் அதற்குள் போகாமல் தடுக்கும் முறை அது. அதையும் எந்த விதிக்கு வேண்டும் என்று புரோகிராமர்தான் அறிவிக்க வேண்டும்.

புரோலாக்கை இன்று பாடமாக நடத்தும் ஆசிரியர்கள் பலரும் குடும்ப உறவு உதாரணத்தோடு தொடங்கி, இது என்ன அழகு என்று மாணவரை வியக்கவைத்து, பின்வாங்கித் தேடுவதையும் ‘கட்’ கருவியையும் நான்காம் ஐந்தாம் வாரத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மாணவர் மறந்துவிடுவதில் வியப்பில்லை. அவர்களிடம் கேட்டுக்கொள்ள ஒன்றுதான் உண்டு. முதல் வகுப்பிலேயே அந்த மூதாதை விதியை இரண்டு வரிசையிலும் எழுதி ஓட்டிக் காட்டுங்கள். ஒன்று நிற்பதையும் மற்றது நிற்காததையும் மாணவர் பார்க்கட்டும். தேடல் மரத்தை அன்றே கரும்பலகையில் வரையுங்கள்.